‘ஆப் வேஸ்ட்’னு ஒரு ஸ்டார் போட்டா சரியாகிடுமா? - காரைக்கால் சொல்லித்தரும் புகார்ப் பாடம்!

“உங்கள் மாநிலம் எது?”

ஆன்லைன் படிவங்களில் எல்லோரும் ஒரு நொடியில் தாண்டிப்போகும் கேள்வி இது. காரைக்கால்காரர்கள் மட்டும் இங்கே கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம், மேற்கே திருவாரூர் எனச் சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். கிழக்கே கடல். நடுவே சுமார் 2 லட்சம் பேர் வாழும் காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. தலைநகரான புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டைக் கடந்து 130 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். வண்டி நம்பர் பி.ஒய்.02 என்று தொடங்கும். ஆனால், செல்போன் சேவையைப் பொறுத்தவரை காரைக்கால் இருப்பது தமிழ்நாடு வட்டத்தில்.

பின்கோடு இன்னும் சுவாரஸ்யம். மயிலாடுதுறை 609001. காரைக்கால் 609602. முதல் மூன்று இலக்கங்கள் ஒன்றுதான். பின்கோடு என்பது தபால் பிரிப்பதற்காகப் போட்ட எண். மாநில எல்லையைக் காட்டுவதற்காகப் போட்டதல்ல. ஆனால், “609-ல் தொடங்கினால் தமிழ்நாடு” என்று ஒரு புரோகிராமர் எங்கோ உட்கார்ந்து ஒரு வரி எழுதிவிட்டால், அந்த ஆப்பில் காரைக்கால் தமிழ்நாட்டுக்குள் போய்விடும்.

‘அதனால் என்ன, பார்சல் வந்து சேர்ந்தால் போதாதா?’ என்று தோன்றலாம். பில் போடும் கடைக்காரரிடம் கேளுங்கள். ஜி.எஸ்.டி-யில் தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. காரைக்கால் கடைக்காரர் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினத்துக்குச் சரக்கு விற்றால் அது வெளிமாநில வியாபாரம். ஐ.ஜி.எஸ்.டி போட வேண்டும். அதே சரக்கை ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமுக்கு அனுப்பினால் அது உள்மாநில வியாபாரம். சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி போட வேண்டும். பில் போடும் சாஃப்ட்வேர் பின்கோடை வைத்து மாநிலத்தை ஊகித்தால், வரி தப்பான தலைப்பில் போய் விழும். பிறகு சரியான தலைப்பில் மறுபடியும் வரியைக் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிக்க யாரால் முடியும்? சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் டெவலப்பர், தன் ஊர் பின்கோடைப் போட்டுத்தான் சோதித்துப் பார்த்திருப்பார். அங்கே எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். பிழை கண்ணில் படுவது காரைக்கால்காரருக்கு மட்டும்தான். அவர் சொல்லாவிட்டால், அப்படி ஒரு பிழை இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஆனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பிளே ஸ்டோருக்குப் போய், “வேஸ்ட் ஆப்” என்று எழுதி, ஒரு ஸ்டார் போட்டுவிட்டு அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறோம். கோபம் நியாயமானதுதான். ஆனால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த ஒரு ஸ்டாரைப் பார்த்து யாருக்கும் புரியாது.

பூச்சியைப் பிடித்து ஒட்டியவர்கள்

சாஃப்ட்வேர் பிழையை ‘பக்’ என்கிறார்கள். பக் என்றால் பூச்சி. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் 19-ம் நூற்றாண்டிலேயே, எடிசன் காலத்திலேயே இருந்தது. ஆனால், நிஜப் பூச்சியே சிக்கிய நாள் 1947 செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-2 என்ற கணினி கோளாறு செய்ய, உள்ளே பார்த்தால் ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி மாட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பணியாளர்கள் பூச்சியை எடுத்துத் தூர எறிந்துவிடவில்லை. பதிவேட்டில் நேரத்தையும், எந்த ரிலே என்பதையும் குறித்து, பூச்சியையும் டேப் போட்டு ஒட்டிவைத்தார்கள். எப்போது, எங்கே, என்ன நடந்தது, அதற்கு ஆதாரம் என்ன? ஒரு நல்ல புகாருக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தன.

கடற்கரையில் பிறந்த கோரிக்கைகள்

பயனாளர்களின் தேவையைக் கேட்டுத் தொழில்நுட்பத்தை வளர்ப்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. ‘இதோ கம்ப்யூட்டர், கற்றுக்கொள்ளுங்கள்’ என்று கொண்டுபோய் இறக்கிவைக்கவில்லை. ‘உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?’ என்று முதலில் கிராமத்தினரிடம் கேட்டார்கள். கடலுக்குப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, இன்று அலை எப்படி இருக்கும் என்பது. அதனால், வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நல்லவாடு கிராமத்தில் அப்படியொரு மையத்தின் ஒலிபெருக்கிதான் மக்களைக் கரையிலிருந்து வெளியேறச் சொல்லி எச்சரித்தது.

பின்னர் இதே நிறுவனம் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்ற மொபைல் ஆப்பைக் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தரும் அலை, காற்று, மீன் கிடைக்கும் பகுதி பற்றிய விவரங்கள் இதில் வரும். அதன் வசதிகளைப் பாருங்கள். ஒன்று, இலங்கைக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை. 1974, 1976 ஒப்பந்தங்களால் போடப்பட்ட அந்த எல்லைக்கோடு வரைபடத்தில்தான் தெரியும், தண்ணீரில் தெரியாது. தாண்டினால் கைது, படகு பறிமுதல். காரைக்கால்மேட்டிலோ கிளிஞ்சல்மேட்டிலோ இருக்கும் எந்த மீனவக் குடும்பத்துக்கும் இதை விளக்கத் தேவையில்லை. குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்து ஆப் எழுதும் ஒருவருக்கு, யாராவது சொன்னால்தான் தெரியும்.

இன்னொரு வசதி, ஆபத்தான இடங்களைக் குறித்துவைப்பது. கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் படகோ பாறையோ வலையைக் கிழித்துவிடும். அந்த இடத்தை ஜி.பி.எஸ்ஸில் குறித்துவைத்தால், அடுத்த முறை விலகிப் போகலாம். “அந்தப் பக்கம் போகாதீங்க, வலை போயிடும்” என்று சொன்னால் அது வெறும் புலம்பல். “இந்த அட்சரேகை, இந்தத் தீர்க்கரேகையில் மூழ்கிய படகு இருக்கிறது” என்று சொன்னால் அது தகவல். ஆப் பற்றிய புகாரிலும் இதே வித்தியாசம்தான்.

ஒரு வெர்ஷனில் இருந்த குறை அடுத்ததில் தீர்வதையும் இங்கே பார்க்கலாம். 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் செல்போன் சிக்னல் கிடைக்காது. எவ்வளவு நல்ல ஆப்பாக இருந்தாலும் அங்கே பயனில்லை. 2019 அக்டோபரில், செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத் மூலம் போனுக்குத் தரும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது.

இஸ்ரோவின் ஆபத்துக்கால சமிக்ஞைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருந்தது. படகிலிருந்து பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் போகும். போகும், சரி. ஆனால், போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. நடுக்கடலில் அந்தத் தவிப்பை நினைத்துப் பாருங்கள். 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், ‘உங்கள் தகவல் கிடைத்தது’ என்ற பதில் படகுக்கே திரும்பி வரும். புகார் கொடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் எதிர்பார்ப்பது இந்தப் பதிலைத்தானே!

ஒரே பிரச்னை, இரண்டு புகார்கள்

பின்கோடு பிரச்னையையே எடுத்துக்கொள்வோம். கற்பனையாக ஒரு பில்லிங் ஆப். அதற்கு வரும் முதல் புகார் இது:

“உங்க ஆப் சரியில்ல. தப்புத் தப்பா வருது. சீக்கிரம் சரி பண்ணுங்க.”

இரண்டாவது புகார்:

“வாடிக்கையாளர் முகவரியில் 609602 என்று பின்கோடு கொடுத்ததும், மாநிலம் ‘தமிழ்நாடு’ என்று தானாக வருகிறது. மாற்ற முடியவில்லை. ‘புதுச்சேரி’ என்று வர வேண்டும். 605001 கொடுத்தால் சரியாக வருகிறது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடக்கிறது. என் போன் ஆண்ட்ராய்டு 13, ஆப் வெர்ஷன் 4.2. இதனால் பில்லில் வரி தப்பாக விழுகிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.”

முதலாவதைப் படிக்கும் டெவலப்பர், “என்ன பிரச்னை என்று விளக்கமாகச் சொல்லுங்கள்” என்று பதில் போடுவார். ஒரு வாரம் போய்விடும். இரண்டாவதைப் படிப்பவர் உடனே அதே பின்கோடைத் தன் கணினியில் போட்டுப் பார்ப்பார். பிழை அவர் கண் முன்னாலேயே வரும். பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது புகாரில் இருக்கும் விஷயங்கள் இவைதான்:

1. என்ன செய்தீர்கள்? எந்தப் பக்கம், எந்த பட்டன், என்ன டைப் செய்தீர்கள் என்பதை வரிசையாக எழுதுங்கள்.

2. என்ன நடந்தது? திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே எழுதுங்கள். “ஏதோ எரர் வந்துச்சு” என்றால் பயனில்லை.

3. என்ன நடந்திருக்க வேண்டும்? உங்களுக்கு இது தெளிவாகத் தெரியும். டெவலப்பருக்குத் தெரியாமல் இருக்கலாம். காரைக்கால் புதுச்சேரியில் இருக்கிறது என்பது உட்பட.

4. எப்போதும் நடக்கிறதா, சில சமயம் மட்டுமா? எப்போது சரியாக வருகிறது என்பதும் முக்கியமான துப்பு.

5. போன் மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐபோன் வெர்ஷன், ஆப் வெர்ஷன். முதல் இரண்டும் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியில் இருக்கும்.

6. ஸ்கிரீன்ஷாட் அல்லது ஸ்கிரீன் ரெக்கார்டிங். அனுப்பும் முன் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி போன்றவை தெரிந்தால் மறைத்துவிடுங்கள்.

7. இதனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? ‘எழுத்து சின்னதாக இருக்கிறது’ என்பதும், ‘வரி தப்பாகப் போகிறது’ என்பதும் ஒரே அவசரம் இல்லை.

ஒரு புகாரில் ஒரு பிரச்னையை மட்டும் எழுதுங்கள். ஐந்தைச் சேர்த்து எழுதினால், ஒன்றைச் சரிசெய்துவிட்டு ‘முடிந்தது’ என்று மூடிவிட வாய்ப்புண்டு. எழுதும் முன் ஆப்பை அப்டேட் செய்து பாருங்கள். புதிய வெர்ஷனில் ஏற்கெனவே சரிசெய்திருக்கலாம். ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். எளிய தமிழில் எழுதி, ஸ்கிரீன்ஷாட் இணைத்தாலே பெரும்பாலும் புரிந்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் “போன்ல என்னமோ ஆயிடுச்சு” என்று சொன்னால், பிள்ளைகள் போனைப் பிடுங்கிச் சரிசெய்து கொடுப்பதோடு நிறுத்தாமல், அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும் எழுதி அனுப்பலாம்.

பிழையா, கோரிக்கையா, இரண்டும் இல்லையா?

செய்ய வேண்டியதை ஆப் தப்பாகச் செய்தால் அது பிழை. இதுவரை இல்லாத ஒன்றைக் கேட்டால் அது வசதிக் கோரிக்கை. இரண்டையும் பிரித்துச் சொல்வது நல்லது. டெவலப்பர் குழுவில் இரண்டையும் வேறு வேறு வரிசையில்தான் வைப்பார்கள்.

நம் ஊர் உதாரணம், ‘லாஸ்ட் நேம்’. பல படிவங்களில் இந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. இனிஷியல் மட்டுமே வைத்திருக்கும் தமிழர்கள் அப்பா பெயரைப் போடுகிறார்கள், புள்ளி வைக்கிறார்கள், தங்கள் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார்கள். பிறகு ஆதாரில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று அலைச்சல். டெவலப்பரைப் பொறுத்தவரை ஆப் அவர் எழுதியபடியே வேலை செய்கிறது. அதனால் இதைக் கோரிக்கையாகத்தான் வைக்க வேண்டும்.

கோரிக்கை வைக்கும்போது, தீர்வைவிடத் தேவையை விளக்குவதுதான் பலன் தரும். “லாஸ்ட் நேம் கட்டத்தை எடுத்துவிடுங்கள்” என்றால், ‘மற்றவர்களுக்கு அது வேண்டுமே’ என்று ஒதுக்கிவிடலாம். “எங்கள் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். ஆதாரில் உள்ளபடி பெயரை எழுத வழி வேண்டும்” என்றால், கட்டத்தை எடுக்காமலே அதைக் கட்டாயமில்லை என்று மாற்றும் வழி அவர்களுக்குத் தோன்றும்.

இரண்டிலும் சேராத மூன்றாவது வகையும் உண்டு. காரைக்கால்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். 2018-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ‘உழவன்’ ஆப், தமிழ்நாட்டு விவசாயிகளுக்கான மானியங்களைப் பற்றியது. பக்கத்து வயல் தமிழ்நாட்டில் இருந்தாலும், திருநள்ளாற்று விவசாயிக்கு அந்த மானியம் கிடைக்காது. அவருக்கானது புதுச்சேரி அரசின் வேளாண் துறை. இதை ஆப் எழுதியவரிடம் சொல்லிப் பயனில்லை. அது அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அனுப்பிய பிறகு என்ன ஆகும்?

உங்கள் புகாருக்கு ஓர் எண் விழும். அதைக் குறித்துவையுங்கள். முதலில், இதே புகாரை வேறு யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் அதோடு சேர்ப்பார்கள். பிறகு, எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு பெரிய பாதிப்பு என்று பார்த்து வரிசைப்படுத்துவார்கள். பணம் போகும் பிழை முன்னால் வரும். கலர் மாற்றும் கோரிக்கை பின்னால் போகும்.

“எங்களிடம் சரியாகத்தான் வேலை செய்கிறது” என்ற பதிலும் வரலாம். கோபப்பட வேண்டாம். அவர்களின் போனில் அந்தப் பிழை வரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். வேறு போனில், வேறு நெட்வொர்க்கில் முயன்று பார்த்து, என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள். சரியாகிவிட்டதாகச் சொன்னால் சோதித்துப் பார்த்து, “ஆம்” அல்லது “இன்னும் இல்லை” என்று பதில் போடுங்கள்.

ஊர் சின்னது, யார் கேட்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில், ஒரே ஒரு தெலுங்கு எழுத்து மெசேஜில் வந்தால் ஐபோனில் அந்த ஆப்பே முடங்கிப்போனது. செய்தி பரவியதும், அந்த மாதமே ஆப்பிள் நிறுவனம் 11.2.6 என்ற அப்டேட்டைக் கொடுத்துச் சரிசெய்தது.

நம்பரைத் தேடாதீங்க!

பிழையைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. பணம் அனுப்பும் ஆப்பில் சிக்கல் வந்ததும், பதற்றத்தில் கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுவது. மோசடிக்காரர்கள் போலி நம்பர்களைப் போட்டுவைத்துக் காத்திருப்பது அங்கேதான். “ஒரு ஆப் இறக்குங்க, உங்க திரையை நான் பார்த்துச் சரிபண்றேன்” என்பார்கள். திரை அவர்கள் கைக்குப் போனால் கணக்கு காலி. யு.பி.ஐ பின் நம்பர் பணம் அனுப்பத்தான் தேவை, வாங்குவதற்குத் தேவையே இல்லை.

உதவி எண்ணை ஆப்புக்குள் இருக்கும் ‘ஹெல்ப்’ பகுதியிலோ, வங்கி பாஸ்புக்கிலோ, கார்டின் பின்புறத்திலோ மட்டும் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

யு.பி.ஐ-யில் பணம் கழிந்து, எதிர்த்தரப்புக்குப் போகவில்லையா? 2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்கு அனுப்பியது ஐந்து நாள்களுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

ஷாப்பிங் ஆப்களுக்கும் விதி உண்டு. 2020-ன் மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் ‘புகார் கிடைத்தது’ என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த இடத்திலெல்லாம் உங்கள் கையிலிருக்கும் புகார் எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டும்தான் பேசும்.

ரகசியமாகச் சொல்ல வேண்டியவை

சில பிழைகளை மட்டும் ஊரறியச் சொல்லக் கூடாது. அடுத்தவர் விவரம் உங்களுக்குத் தெரிகிறது, பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போக முடிகிறது என்றால், அதை நிறுவனத்துக்கு மட்டும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். சோஷியல் மீடியாவில் போட்டால் திருடர்களுக்கும் வழி காட்டியதாகிவிடும்.

சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, பிறருடைய ஃபேஸ்புக் ஆல்பத்தையே அழித்துவிட முடிகிற ஓட்டையை 2015-ல் கண்டுபிடித்து, அந்த நிறுவனத்துக்குத் தெரிவித்தார். அவருக்குக் கிடைத்த பரிசு 12,500 டாலர். 2019-ல் இன்ஸ்டாகிராம் கணக்குகளைக் கைப்பற்றக்கூடிய ஓட்டையைச் சொன்னதற்கு 30,000 டாலர். இப்படிப் பரிசு தரும் திட்டத்தை நிறுவனங்களே விதிமுறைகளோடு அறிவிக்கின்றன. அந்த விதிகளை மீறி அடுத்தவர் கணக்குக்குள் நுழைந்து பார்ப்பது சட்டப்படி குற்றம்.

காரைக்காலில் ஒரு விசேஷம் உண்டு. சாஃப்ட்வேர் எழுதக் கற்கும் மாணவர்கள் படிக்கும் புதுச்சேரி என்.ஐ.டி இருப்பது புதுச்சேரி நகரில் அல்ல, காரைக்காலின் திருவேட்டக்குடியில். ஆப்பை எழுதப்போகிறவர்களும், அதைக் கடலிலும் கடையிலும் பயன்படுத்துகிறவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். இவர்கள் உட்கார்ந்து பேசினால், 609602 என்று டைப் செய்ததும் தப்பான மாநிலம் காட்டும் ஆப்கள் கொஞ்சமாவது குறையும்.

அதுவரை, அடுத்த முறை ஆப் மக்கர் செய்தால், ஸ்டாரைத் தொடுவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று மூன்றே வரி எழுதி அனுப்புங்கள். அதே பிழையில் மாட்டிக்கொண்டு, சொல்லத் தெரியாமல் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் அந்த மூன்று வரி!